ஒரு மரமும் நடாமல் நான் வளர்த்த காடு

நான் ஐந்து ஏக்கர் காடு வளர்த்தவன். ஒரு மரமும் நட்டதில்லை, ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதில்லை. கல்முனையில் ஒரு மேல்மாடி அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சுட்டியை ஒரு தட்டுத் தட்டினேன். காடு முளைத்துவிட்டது.

யுத்தம் முடிந்த கையோடு கிடைத்த வேலை. எங்கள் பக்கத்துக் காடு எத்தனை துண்டாக உடைந்து கிடக்கிறது, எந்தத் துண்டு எதோடு ஒட்டியிருக்கிறது என்று வானிலிருந்து எடுத்த பழைய செய்மதிப் படத்தையும் புதிய படத்தையும் வைத்து அளக்க வேண்டும். (உம்மா அயலில் "மகன் ராக்கெட் உடுற வேல" என்று சொல்லி வைத்திருந்தா. நான் மறுக்கவில்லை.)

ஒரு நாள் திரையில் அதிசயம் ஒன்று கண்டேன். பழைய படத்தில் இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு நடுவே வெட்டையாகக் கிடந்த இடம், புதிய படத்தில் பச்சையாகி இரண்டையும் ஒட்டவைத்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு சாம்பல் புள்ளி. கணினிக் கோளாறு என்று துடைத்துவிட்டேன். படம் துப்புரவாக இருக்க வேண்டாமா?

இனி நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஒழுங்கு. மிதிவெடி இருக்கலாம் என்று அலுவலகத்தில் சாக்குச் சொன்னேன். (உண்மையில் அட்டைக் கடிக்குப் பயம்.) அந்தப் பக்கம் எங்கோ வயல் வைத்திருந்த மாமாவுக்கு, உம்மாவின் தம்பிக்கு, போன் எடுத்தேன். மாமியையும் வீட்டையும் சுனாமியில் கொடுத்தவர். சண்டையால் வயலுக்கும் போக வழியில்லாமல், கட்டிக்கொடுத்த சின்ன வீடொன்றில் தனியே இருந்தார். சண்டை ஓய்ந்தபின் ஒருமுறை வயலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"மாமா, ஒங்கட வயல் வட்டப் பக்கம் இப்ப என்ன இரிக்கி?"

"என்னத்த மனே இரிக்கும்? காடு. எல்லாம் காடாப் பெயித்து."

"நல்ல காடா?"

"ஒங்கட மாமி போன பொறகு எனக்கு எல்லாம் காடுதான்."

மனிதர் துக்கம் சொல்லியிருக்கிறார். நான் படிவத்தில் எழுதினேன்: 'காடு. நேரில் உறுதிப்படுத்தப்பட்டது.'

அதிகாரிகள் கூட்டத்தில் என் திறமையைக் காண மாமாவையும் அழைத்திருந்தேன். ஸ்திரி போட்ட சேட்டும் தொப்பியுமாக முன்வரிசையில் இருந்தார். திரையில் என் பச்சையைக் காட்டி, "யுத்தம் பிரித்ததை இயற்கை சேர்த்திருக்கிறது! யானைகளுக்கு இது பாலம்!" என்று முழங்கினேன். கைதட்டினார்கள். மாமா கையை உயர்த்தினார்.

"அந்த வாய்க்கால் வளைவப் பாத்தா என்ட பூமி மாதிரி இரிக்கி. நடுவுல ஒரு பாற இரிக்கணுமே மனே? ஒங்கட மாமி நெல்லுக் காயப்போடுற பாற. காணல்லியே?"

"அது... நான் துடைச்சிட்டன் மாமா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "கடல் துடைச்சது போதாதெண்டு நீயும் துடைச்சிட்டயா?"

பிறகு மெதுவாகச் சொன்னார்: "வாற மாரிக்கு வெதைக்கலாமெண்டு இருந்தன்."

அன்றைக்கே புள்ளியைத் திருப்பி வைத்தேன். பிழை என் பிழை என்று கடிதமும் எழுதினேன். ஆனால் படத்தின் பிரதிகள் எங்கெங்கோ போய்விட்டிருந்தன. மழைக்கு முன்னரே மாமாவின் வரம்பில் வன இலாகாவினர் காட்டு எல்லைக் கல் நட்டுவிட்டார்கள். காணிப் பேர்மிட்டையும் என் கடிதத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எங்கே போனாலும் என் பழைய படத்தை எடுத்து விரித்து, "ஒங்கட மருமகனே நேருல பாத்து எழுதியிரிக்காரே" என்றார்களாம். மாமா ஒரு போகமும் விதைக்கவில்லை.

ஆனால் இதை வைத்து என்னைப் பகிடி பண்ணத் தொடங்கியவரும் மாமாதான். எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது என்னிடம் தலையிடி என்று சொல்ல வாயெடுத்தால், தங்கச்சி குறுக்கே விழுவாள் (எங்களுக்குக் காக்கா என்றால் அண்ணன்): "காக்காட்டக் கவலையக் கதைச்சிராதங்க! நேருல பாத்ததெண்டு எழுதிப்போடுவாரு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் மாமாவின் கட்டிலருகே குனிந்து, "எப்பிடி மாமா இரிக்கிங்க?" என்று கேட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் பழைய குறும்பு.

"நல்ல சொகம் மனே. காடெண்டு எழுதிராத."