ஏழாம் எண் புட்டிங்

டாலிவர், அலபாமா
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய இமோஜீன் மதினிக்கு,

உங்கள் தங்கை ஆர்லீனின் கணவன் ஹோலிஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் நலம். ஒஹாயோவில் நீங்களும், ஞாயிறன்று கோபித்துக்கொண்டு அங்கே பஸ் ஏறிய ஆர்லீனும் நலமென்று நம்புகிறேன்.

அவள் சொன்னது போக, நடந்ததை நான் உள்ளபடி சொல்கிறேன். ஊர்த் திருவிழாவில் வாழைப்பழ புட்டிங் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டார்கள், ஓய்வுபெற்ற தபால்காரன் பாரபட்சம் பார்க்க மாட்டான் என்று நம்பி. கிண்ணங்களின் மேல் எண் மட்டும்தான். ஆனால் நம் ஊர்ப் பெண்கள், கிண்ணம் தொலையாமல் திரும்பி வர, அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதி வைப்பது உங்களுக்குத் தெரியாததா? பாதிரியார் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னபோது நான் மட்டும் மூடாமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன், ஏழாவதில் ஆர்லீன் பெயர் இருந்தது, எனக்கோ சர்க்கரை வியாதி, ஆகவே ஒன்றையும் வாயில் வைக்காமல் அதற்கே முதல் பரிசு எழுதிவிட்டு, சும்மா இருக்காமல் மைக்கையும் பிடித்து, "இந்தக் கைப்பக்குவத்த முப்பத்திநாலு வருஷமா ருசிச்சுட்டு வரேன், கண்ணக் கட்டி விட்டாலும் சொல்லிடுவேன்!" என்று பேசியும் விட்டேன்.

பரிசு வாங்க மேடையேறியது பக்கத்துத் தெரு வில்டா மே. கோடை வெயிலில் அவள் புருஷன் செத்தபோது ஆர்லீன் கோழி வறுத்துக் கொடுத்தனுப்பிய கிண்ணம், திரும்பி வரவேயில்லை, அதிலேயே புட்டிங் செய்து கொண்டுவந்திருக்கிறாள்!

"அடப்பாவி ஹோலிஸ், ஊருக்கு முன்னாடியா!" என்று வில்டா மே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முப்பத்திநாலு வருஷமா? நீங்க தபால் குடுக்கத்தான் அந்தத் தெருவுக்குப் போறீங்கன்னு நெனச்சேன்!" என்றாள் ஆர்லீன்.

மதினி, நான் ஏமாற்றியது போட்டியில்தான், பெண்டாட்டியை அல்ல. அவள் இல்லாமல் வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. இதை அவளுக்கு வாசித்துக் காட்டி, வெள்ளிக்கிழமைக்குள் எப்படியாவது அனுப்பி வையுங்கள். கர்த்தர் உங்கள் முழங்காலைக் குணமாக்கட்டும்.

இப்படிக்கு,
ஹோலிஸ் கிரிம்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் வில்டா மே வந்து கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். வெறுங்கிண்ணமாகக் கொடுக்க மனமில்லாமல் நிறைய புட்டிங் வைத்திருந்தாள். ஒரு கரண்டி சாப்பிட்டுப் பார்த்தேன். என் தீர்ப்பில் தவறே இல்லை. கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டாம். ஆர்லீனையும் அவசரப்படுத்த வேண்டாம், கிண்ணத்தில் இன்னும் பாதி இருக்கிறது.