ஐந்தாம் பாடம்

"சேர், அஞ்சாம் பாடம் எப்ப துவங்குவீங்கள்?"

அருந்ததி கேட்டதும் கனகசபாபதி மாஸ்டர் திரும்பிக் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் கராஜுக்குள் ஜேர்மன் வகுப்புத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வியை எவரும் கேட்டதில்லை. கேட்கும்வரை எவரும் இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள்தான் அவருடைய மாணவர்கள். வணக்கம், எண்கள், கடை, ரயில் நிலையம் என்று நாலு பாடம் ஓடுவதற்குள் விசா வந்துவிடும். ஒரு நாள் வாங்கில் ஓர் இடம் காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான். பிள்ளை அங்கே போய் இறங்கி டெலிபோன் எடுக்கும்வரை, கண்ணூறுக்குப் பயந்து எந்தத் தாயும் விசா வந்த கதையை வெளியே விட மாட்டாள்.

மாஸ்டருக்கு அது வசதி. ஜேர்மனியின் அகதி முகாமில் அவரும் நாலு பாடம்தான் படித்தார். ஐந்தாவதுக்கு முதல் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் ஏன் இருக்கிறாய் என்று பொலிஸ் கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் இந்த வகுப்பு ஒன்றுதான் இருந்தது.

"அடிப்படை இன்னும் சரியில்லை. திரும்ப ஒண்டில இருந்து."

"எனக்கு எல்லாம் பாடம், சேர்."

"பாடமாக்கிறது வேற, விளங்கிறது வேற, பிள்ளை."

அவள் கண்ணை மூடிக்கொண்டு நாலு பாடத்தையும் ஒப்புவித்தாள். எண்களைத் தலைகீழாகவும் சொன்னாள்.

அடுத்த வாரம் அவளுடைய தாய் சிவமணி வாசலில் வந்து நின்றாள். "பிள்ளை ஏன் மாஸ்டர் நாலிலயே நிக்கிறாள்?"

"அக்கா, அத்திவாரம் இல்லாமல் அனுப்பினால் அங்க ஸ்டேசனில நிண்டு அழுவாள். நான் அரைகுறையா விடுற ஆள் இல்லை."

சிவமணி யோசித்தாள். "அப்ப முழுக்கப் படிக்கட்டும்."

மாஸ்டர் மூச்சுவிட்டார். ஆனால் அரைகுறையாக விடாத மாஸ்டர் என்ற கதையை அவள் கிருலப்பனைவரை பரப்பினாள். கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ் ஏறிப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் வேறு இடத்தில் நாலு பாடம் முடித்தவை. ஐந்துக்கென்றே வந்தவை.

"முதல்ல உச்சரிப்பு," என்றார் மாஸ்டர். "தொண்டையால வரவேணும்."

கராஜ் முழுக்கத் தொண்டையைக் காறியது. வீட்டுக்காரர் ஹியூபேட் கொத்தமல்லித் தண்ணீரோடு ஓடிவந்தார். "மாஸ்டர், பிள்ளையளுக்கு என்ன, குக்கல் இருமலோ?"

சத்தம் கேட்டு, சந்தியில் நின்ற ஆமிக்காரனும் துவக்கோடு வந்தான். பிள்ளைகள் அடையாள அட்டையைத் தேடினார்கள். அவன் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மாஸ்டரை வெளியே கூப்பிட்டுத் தணிந்த குரலில் சிங்களத்தில் கேட்டான்: "மாத்தயா, இத்தாலி பாஷை படிப்பிப்பீங்களா?"

மாஸ்டர் பயத்தில் ஓம் என்று தலையாட்டிவிட்டார்.

இனி ஒரே வழிதான். எல்லாம் அருந்ததியால் வந்தது, அவள் போனால் எல்லாம் அடங்கும். வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போனார். மனதுக்குள் அவளுடைய பெயரைச் சொல்லித் தேங்காயை ஓங்கி அடித்தார். அதே நேரம் பக்கத்தில் இன்னொரு தேங்காயும் சிதறியது. திரும்பினால் சிவமணி.

"மாஸ்டரும் நேத்திக்கடனோ?"

ஒளிக்க அவருக்குத் தெம்பில்லை. "உங்கட பிள்ளைக்குத்தான் அக்கா. விசா கெதியா வரவேணும் எண்டு."

சிவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

"விசா எப்பவோ வந்திட்டுது மாஸ்டர், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. நான் தேங்காய் உடைக்கிறது, நீங்கள் கெதியா அஞ்சாம் பாடம் துவங்கவேணும் எண்டு."