முரசுமோட்டைத் தராசாரும் இரண்டு கணினிகளும்

ஒரு பொருளை அந்தப் பொருளாக மட்டும் பார்க்கும் ஆற்றல் அறவே இல்லாமற் பிறந்த மனிதர், என் அறிவுக்கு எட்டிய வரையில், இவ்வுலகில் ஒருவர்தான். அவர் பிறந்ததைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. அத்தனை ஊர்கள் இருக்க, எங்கள் முரசுமோட்டையில் வந்து கடை போட்டாரே, அதுதான் என் தீராத கோபம்.

பெற்றோர் இட்ட பெயர் அவருக்கு உண்டு. அதனை அவருடைய அடையாள அட்டை அறியும். ஊர் அறிந்த பெயர் தராசார். கையில் ஓர் இளநீரைக் கொடுத்தால் குடிக்க மாட்டார். இன்னோர் இளநீர் கேட்பார். இரண்டையும் மாறி மாறி உறிஞ்சி, தோற்றது எது என்று அறிவித்த பிறகே அவருக்குத் தாகம் தீரும்.

என் மூத்த மகனின் திருமணத்தன்று, அதே முகூர்த்தத்தில் தர்மபுரத்திலும் ஒரு திருமணம் நடந்தது. தராசார் எங்கள் பந்தியில் முதல் ஆளாக அமர்ந்து உண்டார். கை கழுவினார். சைக்கிளில் ஏறித் தர்மபுரம் சென்று அங்கும் உண்டார். பின்னர் வியர்வை வழியத் திரும்பி வந்து, சம்பந்தியாரும் நானும் உரையாடிக்கொண்டிருந்த இடத்தில் நின்றார்.

“அண்ணை, பாயாசத்திலை நீங்கள்தான் வெற்றி. ஆனா கத்தரிக்காய்க் கறியிலை அவை உங்களை அடிச்சுப் போட்டினம்.”

சம்பந்தியார் அன்று முதல் எங்கள் வீட்டில் கத்தரிக்காயைத் தொடுவதில்லை.

ஒருமுறை அவருக்கு முழங்கால் வலி வந்தது. இரண்டு வைத்தியர்களிடம் போனார். காலையில் ஒருவர் தந்த எண்ணெய், மாலையில் மற்றவர் தந்த எண்ணெய். ஒரே மாதத்தில் வலி நின்றுவிட்டது. வேறு எவராயினும் மகிழ்ந்திருப்பார். இவரோ, வென்ற எண்ணெய் எது என்று தெரியவில்லையே எனக் கொதித்து, வலி திரும்பி வரும் நாளுக்காக வாசலைப் பார்த்தபடி காத்திருந்தார்.

இவருடைய தொழில் கணினி திருத்துவது. எவரும் கற்பிக்கவில்லை. பழுதான கணினிக்குப் பக்கத்தில் பழுதில்லாத ஒன்றை வைத்து, உறுப்புக்கு உறுப்பு ஒத்துப் பார்த்துக்கொண்டே போவார். எங்கே வித்தியாசம் தெரிகிறதோ அங்கே நோய். இந்த முறையில் அவர் திருத்தாத கணினி எங்கள் பகுதியில் இல்லை என்பதை, கோபத்தோடுதான் எனினும், ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி, என் மானம் போன கதைக்கு வருகிறேன்.

என் தங்கையின் மகள் சாந்தினி வீடுகளுக்கு வரைபடம் வரைபவள். போரில் ஒரு காலை இழந்தவள். பொய்க்காலோடு நாள்தோறும் பேருந்தேறி வவுனியாவுக்குப் போய்வர இயலாது. அங்கே கட்டட வேலை செய்யும் நிறுவனமொன்று, வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பும் வேலையை அவளுக்குத் தர முன்வந்தது. நிபந்தனை ஒன்று: கட்டி முடித்த வீடு போலத் தோன்றும் வண்ணப் படமொன்றைத் திங்கட்கிழமை காலைக்குள் செய்து அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து அவளுடைய கணினி உயிரை விட்டது.

தாய்மாமன் என்ற முறையில் நான் பொறுப்பேற்றேன். கணினியின் மூளையாகிய செயலியைப் பற்றி இரண்டு நாள் இருந்து வாசித்தேன். சாந்தினியோ, “மாமா, கிளிநொச்சிக் கடையிலை பன்னிரண்டாம் தலைமுறை புதுசு ஒண்டு இருக்காம். மலிவு ரகம்தான். எனக்கு அது காணும்,” என்றாள். என் மருமகளுக்கு மலிவு ரகமா? ஆறு தலைமுறை பழையதாயினும், ஆறாம் தலைமுறையில் நடுத்தர ரகச் செயலி பூட்டிய பாவித்த கணினியொன்றைக் கொழும்பிலிருந்து தருவித்தேன். ரகத்தைக் குறிக்கும் எண் அதில் ஐந்து; கடைக்காரனுடையதில் மூன்று. ஐந்து மூன்றினும் பெரிது என்பது பாலர் வகுப்பிலேயே நிறுவப்பட்ட உண்மை. அவள் அதற்கு மேல் சொல்லப் பார்த்தாள். நான் விடவில்லை.

வந்த கணினியைத் தூசு தட்டித் தயார்படுத்தத் தராசாரிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை எடுக்கப் போனேன்.

“மிஷின் றெடி அண்ணை. ஆனா தரமாட்டன்.”

“ஏன் தரமாட்டீர்?”

“இன்னும் ஒண்டோடையும் ஒத்துப் பாக்கேல்லை.”

“தம்பி, திங்கள் விடிய அந்தப் பிள்ளை படம் அனுப்போணும். உமக்கென்ன விசரா?”

“படம் அனுப்போணும் எண்டபடியால்தான் சொல்லுறன். கிளிநொச்சிக் கடையிலை கேட்டுப் புதுசையும் கொண்டந்து வைச்சிருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஓட்டம். பிள்ளையின்ரை வீட்டிலை.”

“ஓட்டமா? இதென்ன மாட்டுவண்டிச் சவாரிப் போட்டியே?”

“பின்னை? மாட்டைக் கொட்டிலிலை கட்டிவைச்சு எது ஓடும் எண்டு கண்டுபிடிக்கலாமே?”

விவசாயிகள் சங்கத்தில் பதினெட்டு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் நான். அமைச்சர்களுக்கு முன்னால் எழுந்து நின்று பேசியிருக்கிறேன். அன்று அந்தக் கடைவாசலில் எனக்கு வாய் வரவில்லை, கைதான் வந்தது. அதனையும் சைக்கிள் கைப்பிடியில் வைத்து அடக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். சனிக்கிழமை முழுவதும், ஒரு மனிதனின் கிறுக்கினால் ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறதே என்று நினைக்க நினைக்க இரத்தம் கொதித்தது.

ஞாயிறு காலை, உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் இரண்டு கணினிகளையும் வைக்கோல் பரப்பி ஏற்றிக்கொண்டு தராசார் வந்து இறங்கினார். சாந்தினியின் வீடு நெல் மில்லுக்குப் பின்புற வளவில் இருந்தது. மில் ஓடத் தொடங்கினால் அயல் வீடுகளில் மின்சாரம் தளர்ந்துவிடும். பிறகு யூபிஎஸ் என்னும் மின்கலப் பெட்டி கொஞ்ச நேரம் தாங்கினால் உண்டு. தராசார் இரண்டு கணினிகளுக்கும் ஒரே அளவான யூபிஎஸ் கொண்டுவந்திருந்தார். நினைவகம் சமன், வன்தட்டுச் சமன். சவாரிக்கு முன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்போல் எல்லாவற்றையும் திறந்து எங்களுக்குக் காட்டினார். ‘எங்களுக்கு’ என்று எழுதுகிறேன். அதற்குள் முற்றத்தில் ஊர் திரண்டுவிட்டது.

“பாருங்கோ,” என்றார் தராசார். “பழைய புரொசெசருக்குள்ளை நாலு ஆள். ஆளுக்கு ஒரு கையாலை நாத்து நடுகினம். புதுசுக்குள்ளையும் நாலு ஆள்தான். ஆனா ரெண்டு கையாலும் நடுகினம்.”

“ரெண்டு கையாலை நட்டால் வரிசை கோணும்!” என்று நான் கத்தினேன். என் கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். ஓம், எனக்கு ஒரு கட்சி உருவாகியிருந்தது. ஐந்து மூன்றினும் பெரிது என்று நம்பியவர்கள் அத்தனை பேரும் என் பக்கம்.

மில்காரர் மதில்மேல் தலையை நீட்டினார். “தராசார், இண்டைக்கு மில் லீவு. ஓடட்டோ விடட்டோ?”

“ஓடுங்கோ, ஓடுங்கோ! மில் ஓடாட்டில் இது என்ன போட்டி?”

மில் உறுமியது. வீட்டு மின்விசிறி சோர்ந்து நின்றது. இரண்டு யூபிஎஸ்களும் ஒருமித்துக் கீச்சிட்டன. தராசார் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, சவாரித் திடலில் விடுவதுபோலவே உயர்த்திக் கீழே விட்டார். இரண்டு கணினிகளிலும் ஒரே வீட்டின் படத்தை உருவாக்கும் கட்டளையைச் சாந்தினி இரண்டு கைகளாலும் ஒரே கணத்தில் அழுத்தினாள்.

என் நடுத்தரக் கணினியின் விசிறி நெல் சூடடிக்கும் இயந்திரம்போல் இரைந்தது. “கேக்குதோ உழைப்பு!” என்றேன். மலிவு ரகத்திலிருந்து பெரிதாகச் சத்தமே இல்லை. அதன் திரையில் கூரை வந்தது. சுவர் வந்தது. முற்றத்தில் ஒரு மாமரமும் வந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் வீடு முழுமையாகக் குடிபுகத் தயாராக நின்றது. அப்போது என் கணினி கூரையைக் கடந்து பாதிச் சுவரில் நின்றது.

“செயலாளர், உங்கட வீட்டுக்குச் சீமெந்து முடிஞ்சு போச்சோ?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் என் பக்கத்து யூபிஎஸ் நீளமாக ஒரு கூச்சலிட்டு அடங்கியது. திரை இருண்டது. பாதிச் சுவரும் போயிற்று.

முற்றம் முழுவதும் தராசாரின் வாயைப் பார்த்தது. இளநீருக்கும் எண்ணெய்க்கும் கத்தரிக்காய்க்கும் இரக்கமின்றித் தீர்ப்புச் சொன்ன வாய். நான் சால்வையை இறுகப் பற்றிக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். சாந்தினியைப் பார்த்தார். கைக்குட்டையைக் குனிந்து எடுத்து மண்ணைத் தட்டினார்.

“சமன்,” என்றார்.

“என்ன சமன்? ஒண்டு செத்துக் கிடக்கு!”

“செத்தது யூபிஎஸ். மிஷின் இல்லை. சமன் எண்டால் சமன், போய் அலுவலைப் பாருங்கோ.” பிறகு சாந்தினியின் பக்கம் திரும்பி, மிகச் சாதாரணமாக, “பிள்ளை, ரெண்டும் ஒண்டுதானே, நீ புதுசிலை வேலையைச் செய். பழசு அண்ணைக்கு எழுத்து வேலைக்குத் திறமா இருக்கும்,” என்றார்.

அன்று வந்த கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. தோற்றிருந்தால் தாங்கியிருப்பேன். வாழ்நாளில் ஒருமுறையும் சமன் சொல்லாத மனிதர் எனக்காக ஊரறியப் பொய் சொன்னாரே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? என் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாந்தினி அன்று மாலையே படத்தை அனுப்பினாள். வேலை கிடைத்தது, இன்றும் செய்கிறாள். மில் ஓடத் தொடங்கினாலும் கையிலிருக்கும் படத்தை முடித்துவிடுகிறாள்.

தராசார் இப்போது முரசுமோட்டையில் இல்லை. கனடாவில் மகன் வீடு, கனகராயன்குளத்தில் மகள் வீடு. இரண்டிலும் மும்மூன்று மாதம் இருந்து ஒத்துப் பார்த்துவிட்டு, கனகராயன்குளம் வென்றதென்று அங்கேயே தங்கிவிட்டார். கடை பூட்டியதை என்னிடம் வந்து சொல்லவில்லை. அதற்கும் கோபமாகவே இருக்கிறேன்.

இதனை அந்த நடுத்தர ரகக் கணினியில்தான் தட்டச்சுச் செய்கிறேன். சென்ற வாரம் அது மறுபடியும் இரையத் தொடங்கியது. கிளிநொச்சியிலிருந்து முறையாகப் படித்துச் சான்றிதழ் பெற்ற திருத்துநர் ஒருவர் வந்தார். பணிவானவர், நேரம் தவறாதவர். பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்க இன்னொரு கணினி கொண்டுவரவில்லையா என்று கேட்டேன். “அது தேவையில்லை ஐயா,” என்றார். கணினியைத் தொடவிடாமல் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கனகராயன்குளம் போகும் பேருந்தில், கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருக்க முன்னிருக்கை ஒன்று கிடைக்குமா என்று நடத்துநரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.