ஜி.பி.எஸ். அண்ணனும் என் கண்ணுக்குள் ஒரு லோங்காங்கும்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை ஓடும் எந்தக் காரையும், ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், முக்கால் மணி நேரம் வழிதவற வைக்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஜி.பி.எஸ். அண்ணன்தான். அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. அதனால்தான் வழி தவறுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். வழி அவருக்கு மிக நன்றாகத் தெரியும். அதுதான் பிரச்சினையே.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் உடம்பு பிடித்துவிடுவது இப்போது அவர் தொழில். அதற்கு முன் இருபது வருடம் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். பார்வை போன நாளோடு அவர் தலைக்குள் இருந்த வரைபடமும் நின்றுவிட்டது. அதன் பிறகு அரசாங்கம் கட்டிய பாலம், திருப்பிவிட்ட சாலை, மூடிய சந்து எதற்கும் அவர் இன்றுவரை ஒப்புதல் தரவில்லை. வாடகைக் காரில் ஏறியதும் ஆரம்பித்துவிடுவார்.

"முன்னால ரவுண்டபவுட் வரும். மூணாவது கோர்னர் எடு."

"இங்க ரவுண்டபவுட் இல்லண்ணே. பிளைஓவர் லா."

"யாரைக் கேட்டுக் கட்டுனாங்க?"



என் கழுத்துப் பிடிப்புக்காக ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அவரிடம் போய்க்கொண்டிருந்தேன். கழுத்துக்கு மேலே எனக்கு வேறொரு வியாதி இருப்பது அவருக்குத் தெரியாது. கிளகோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியில்லாமல், சத்தமில்லாமல், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும் நோய். சொட்டு மருந்துக்கு அது மசியவில்லை. டாக்டரம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் கண்ணை உருட்டியபடி விளக்கினார்.

"கண்ணுக்குள்ள தண்ணி நிக்குது அங்கிள். வெளிய போக வழி இல்ல. சின்னதா ஒரு லோங்காங் வெட்டிவிடப் போறோம். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! பூச்சோங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். அடைத்துக்கொள்ளாத லோங்காங் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. ஒரு மழை பெய்தால் செருப்பெல்லாம் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடும். அப்படிப்பட்ட சாக்கடைக் கால்வாயை என் கண்ணுக்குள் வெட்டப் போகிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் குருடனாக வாழப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு குளித்தேன். கண்ணை மூடிக்கொண்டு சட்டை போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நான் கலக்கிய கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு என் மனைவி கேட்டாள்:

"கோப்பியில ஏன் ரசப்பொடி போட்டிருக்கீங்க?"

இது வீட்டில் ஆகிற காரியமில்லை, முறைப்படி கற்க வேண்டும் என்று சனிக்கிழமை அண்ணனிடம் போனேன். குப்புறப் படுத்தபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணே, கண்ணு தெரியாம எப்படிச் சமாளிக்கிறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். ஒரு முன்னேற்பாடுதான்."

முதுகில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது.

"டேய், மொட்டை அடிக்கிறதுக்கு முன்னாலயே சந்தனம் கேக்குறியா? மருந்து ஒழுங்கா ஊத்துனியா நீ?"

"ஊத்துனேண்ணே. பெரும்பாலும்."

"பெரும்பாலும்னா?"

"ஞாயித்துக்கெழம லீவு."

என் கழுத்தில் அவர் அன்று கொடுத்த அழுத்தம் என் கண்ணில் இருந்ததைவிட அதிகம். நான் கத்தி முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் இதேதான்டா. மருந்து குடுத்தாங்க. பிரிட்ஜுல எறா பெலாச்சான் பக்கத்துல வெச்சிட்டு நான் லோரி ஓட்டப் போயிட்டேன். தலை வலிச்சா மாத்திரை போட்டேன். பிரிட்ஜுதான் அந்த மருந்தப் பாத்துக்கிச்சு. அதுக்கு இன்னைக்கும் லைட் எரியுது."

நான் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் படுத்திருந்தேன். அவரே சிரித்துவிட்டு, "ஆப்பரேசனுக்கு நானும் வரேன்" என்றார்.

அன்று காலை நானும் மனைவியும் ஒரு வாடகைக் காரில் பூச்சோங்கிலிருந்து புறப்பட்டு, பிரிக்பீல்ட்ஸில் அவரை ஏற்றிக்கொண்டோம். மருத்துவமனை பெட்டாலிங் ஜெயாவில். பத்து மணிக்கு அறுவை சிகிச்சை. அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்தார். அவர் குரலில் இருபது டன் லோரியின் அதிகாரம் இருக்கும். ஓட்டுநர் பாவம், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினார். "எண்ணெய்க் கடை தாண்டி லெப்ட்" என்றார் அண்ணன். எண்ணெய்க் கடை இடிந்து அங்கே பேரங்காடி வந்திருந்தது. "ஆலமரத்துக்கிட்ட ரைட்." ஆலமரம் இருந்த இடத்தில் ரயில் நிலையம். நாற்பது நிமிடம் கழித்துக் கார் ஒரு நுழைவாயிலில் நின்றது. அது எங்கள் தாமான்.

"பாத்தியா, வந்து சேந்துட்டோம்" என்றார் அண்ணன்.

பிறகு நான் கத்தியதும், மனைவி என்னைப் பார்த்துக் கத்தியதும், ஓட்டுநர் மூன்று பேரையும் பார்த்து "பாஸ், ப்ளீஸ் லா" என்று கெஞ்சியதும் பூச்சோங் முழுவதும் கேட்டிருக்கும். ஒருவழியாகப் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மருத்துவமனைக்குள் ஓடினோம். உடை மாற்றிப் படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது: காலையிலிருந்து நான் பயப்படவே இல்லை. நேரமில்லை.

அறுவை அறைக்குள் போனதும் அந்தக் குறையைப் பயந்து தீர்த்துக்கொண்டேன். கண் மட்டும் மரத்திருந்தது, மற்றதெல்லாம் விழிப்பு. கையில் அகப்பட்டதை இறுகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல்: "அங்கிள், அது கட்டில் இல்ல, என் கை. விட்டீங்கன்னா டாக்டருக்குக் கத்தரி எடுத்துக் குடுப்பேன்." வலி? சத்தியமாக இல்லை. ஒரு மாதமாக நானே எனக்குக் கொடுத்துக்கொண்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். முதலில் ஒரே பனி. பனிக்குள் ஏதோ அசைந்தது.

"எத்தனை விரல் அங்கிள்?"

"ரெண்டு. மோதிரம் நல்லா இருக்கு டோக்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. லோங்காங் வேலை செய்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அண்ணனின் போன்.

"ஊத்துனியா?"

"ஊத்திட்டேண்ணே."

"பொய். மூடி தொறக்குற சத்தம் கேக்கல."

அன்றிலிருந்து போனைக் குப்பியின் பக்கத்தில் பிடித்து, மூடியைத் திறந்து, சொட்டுவிட்டு, மூடிக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் லீவு கிடையாது. வாரங்கள் போகப் போக மருந்து நாளுக்கு நான்காகி, இரண்டாகி, ஒன்றானது. போனும் அப்படியே குறைந்து காலை எட்டு மணிக்கு ஒன்று என்று நிலைத்தது. மூன்றாம் மாதம் டாக்டரம்மா அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, "சூப்பர் அங்கிள். மருந்து போதும், செக்கப்புக்கு மட்டும் வாங்க" என்றார்.

மறுநாள் எட்டு மணிக்குப் போன் வந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்தேன்.

"டேய், ஊத்துனியா?"

கை தானாகப் போய்க் காலிக் குப்பியின் மூடியைத் திருகியது. இது நடந்து ஐந்து மாதமாகிறது. போன வாரம் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "என்னடா, சத்தம் லேசா இருக்கு? குப்பி காலியா? புதுசு வாங்கு."

அன்றே குழாய்த் தண்ணீரைப் பிடித்து அதை நிரப்பி வைத்தேன். யாராவது தெரியாமல் எடுத்து ஊற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்று மனைவி ஒரு சீட்டு எழுதி அதில் ஒட்டியிருக்கிறாள்: "கண்ணுக்கு அல்ல. அண்ணனுக்கு."