முதல் பாதியை மட்டும் சொல்லும் பெட்டி

சோழபுரம் வழி,
புதன்கிழமை மாலை.

அன்புள்ள மருமகன் மெல்வினுக்கு,

தாய்மாமன் தவசிமுத்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அத்தை பரிபூரணமும் சுகம். உன் அம்மா ஏசம்மாளும் சுகம்; நேற்றுகூட வந்து என்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான் போனாள். சுகமில்லாமல் இருப்பது நீ செய்து அனுப்பிய பெட்டி ஒன்றுதான். உன் சுகத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கழியட்டும், விசாரிக்கிறேன்.

கடிதமாக ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் உன்னிடம் பேசி முடியவில்லை. பெட்டியின் குறைக்கு நான் வரும்போதெல்லாம் கோயம்புத்தூரில் உனக்கு டவர் கிடைப்பதில்லை. "மாமா கேக்கல, மாமா கேக்கல" என்கிறாய். "சாப்பிட்டியாலே" என்று கேட்டால் மட்டும் நன்றாகக் கேட்கிறது. கடிதத்துக்கு டவர் தேவையில்லை. உட்கார்ந்து முழுக்கப் படி.

முதலில் ஒன்றை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீயாகச் செய்த முதல் பெட்டி இது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மணிக்கு ஒருமுறை ஓசை எழுப்பி, நேரத்தைச் சொல்லி, ஒரு வேத வசனமும் சொல்லும் என்றாய். நம் சபைச் செயலர் அருளப்பன் மதுரையில் எங்கோ ஒரு ரெடிமேட் மணியைப் பார்த்து வைத்து, அதன் படத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். கமிட்டியில் நான்தான் எழுந்து, "எங்க வீட்டுப் பையன் செஞ்சது, ஒரு நாளும் நிக்காது" என்று சொல்லி நம் கோயில் கோபுரத்தில் உன் பெட்டியை ஏற்றினேன். முப்பது நாள் பார்ப்பது, ஒழுங்காக ஓடினால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் கழற்றிவிடுவது என்று தீர்மானம். அந்த முப்பதாவது நாள் வருகிற ஞாயிறு. உன் பெட்டியைக் கேட்டிருக்கிற மற்ற இரண்டு சபைக்காரர்களும் நம் சபை என்ன சொல்லப்போகிறது என்றுதான் காத்திருக்கிறார்கள். இதில் பெட்டி இறங்கினால் உன் தொழிலும் சேர்ந்து இறங்கும். என் பேச்சுக்கு இருந்த மரியாதையும் இறங்கும், அதை நான் பெரிதாகச் சொல்லவில்லை.

குறை என்னவென்று உனக்கு மூன்று முறை சொல்லிவிட்டேன், நான்காவது முறையாக எழுதுகிறேன். காலை ஏழு மணி வசனம் கூடப்பிறந்தவர்களின் பகையைப் பற்றியது. முன்பாதி முழுக்கக் கண்டிப்பு. பின்பாதிதான் ஆறுதல். உன் பெட்டி முன்பாதியை நன்றாகச் சொல்கிறது, நீ செவிடாகப் பிறந்திருந்தால்கூட உனக்குக் கேட்கிற மாதிரி கணீரென்று சொல்கிறது. ஆறுதல் தொடங்குகிற இடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மறுபடியும் முதலிலிருந்து கண்டிப்பு. இப்படி மூன்று தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. மற்ற பன்னிரண்டு மணிக்கும் ஒரு குறையும் இல்லை. ஆகவே இந்த ஊர் கடந்த மூன்று வாரமாகத் தினமும் காலையில் மூன்று முறையாவது திட்டு வாங்குகிறது, ஒருமுறைகூட மன்னிக்கப்படவில்லை.

இதில் லிங்கேஸ்வரன் வந்து மாட்டினான். கோயிலுக்கு மேற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கிறானே, அவன்தான். தோப்புக்குப் போகிற வண்டிப்பாதைக்காக அவனும் அவன் தம்பி வேல்பாண்டியும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஆறு வருஷமாக நடக்கிறார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. சரியாகக் காலை ஏழு மணிக்குத்தான் அவன் கோயிலைத் தாண்டி சைக்கிளில் போவான். முதல் நாள் பேசாமல் போனான். இரண்டாம் நாள் இறங்கி நின்று கோபுரத்தைப் பார்த்தான். மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, நான் உங்க கோயிலுக்கு வாரவனில்ல. திருவிழாவுக்குத் தேங்காய் குடுத்துட்டு செவனேன்னு கெடக்கேன். என்னைய எதுக்கு மூணு மூணு தடவை ரோட்டுல வச்சு வையுது?"

"உன்னையச் சொல்லலப்பா. மெசின்ல ஒரு சின்னக் கோளாறு."

"மத்த மணிக்கெல்லாம் ஒழுங்காச் சொல்லுதே. நான் போற நேரத்துக்குத்தான் கோளாறு வருமோ?"

அவனைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு உடனே உனக்குப் போன் செய்தேன். நீ அங்கிருந்தபடியே பெட்டி தானே குறித்துவைக்கிற லாக்கைப் பார்த்துவிட்டு, "பவர் ரீசெட்னு காட்டுது மாமா, கரண்ட் சைடுல பாருங்க" என்றாய். நாற்பத்தோரு வருஷம் ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டினவனிடம் கரண்ட் சைடில் பார்க்கச் சொன்னது நீ. எந்தக் காலேஜிலும் படிக்காமல், எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் படித்தவன் நான். நம் தெருவில் இந்த மாதம் கரண்ட் போனது இரண்டே தடவை, அதுவும் மத்தியானம். ஊர் கரண்டின் மேல் பழி போடாதே என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

பிறகு நீ ஒரு அப்டேட் அனுப்பினாய். பாதியில் நின்றால் மூன்று தடவைதான் முயல்கிறது, அதை ஐந்தாக ஆக்கியிருக்கிறேன், எப்படியும் ஒரு தடவை முழுக்கச் சொல்லிவிடும் என்றாய். உன் கணக்கு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஐந்து தடவை கண்டிப்பு. ஐந்து தடவை 'டொக்'. லிங்கேஸ்வரன் சைக்கிளை என் வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"நேத்து வரைக்கும் மூணு. இன்னைக்கு அஞ்சு. வாய்தா நெருங்க நெருங்கக் கூட்டுதீகளா அண்ணாச்சி?"

உன் அத்தை அவனுக்குக் காபி கொடுத்து உட்காரவைத்தாள். அவன் குடிக்கவில்லை, அதுவே பெரிய அவமானம். நேரே அருளப்பனிடம் போய் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டான். அருளப்பனுக்குப் பாயசம் குடித்த மாதிரி. "அந்த வசனத்த எடுத்துட்டு ஒரு சின்ன வசனமாப் போட்டுருவோம் அண்ணே, வம்பு தீந்துச்சு" என்றார். குறையை மூடி வைத்தால் அது திருத்தம் ஆகாது, வசனத்துக்குப் பெட்டி பணியவேண்டுமே தவிரப் பெட்டிக்கு வசனம் பணியாது என்று சொல்லிவிட்டேன். அவர், "அப்ப ஞாயித்துக்கெழமை கழட்டிர வேண்டியதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இனி உன்னை நம்பிப் பயனில்லை என்று நானே நோட்டும் பென்சிலுமாகக் கோபுரத்தில் ஏறினேன். முழங்கால் வலியோடு நாற்பது படி. சந்தேகப்படுகிற எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போகும், ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இதை மோட்டார்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. முதல் நாள் நேரத்தைச் சந்தேகித்தேன். நீ போனில் போட்டுக்கொடுத்த ஆப்பைத் திறந்து, ஏழு மணி வசனத்தைப் பதினொரு மணிக்கும் பதினொரு மணி வசனத்தை ஏழுக்கும் மாற்றினேன். ஏழு மணிக்கு ஒரு குறையும் இல்லாமல் சொன்னது. குறை பதினொரு மணிக்குப் போய்விட்டது. ஆக, நேரத்தில் குற்றமில்லை, வசனத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டு கீழே எட்டிப்பார்க்கிறேன், லிங்கேஸ்வரன் நிற்கிறான். ஏழு மணித் திட்டுக்குப் பயந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பதினொரு மணிக்குத் தோப்புக்குக் கிளம்பியிருக்கிறான்.

"நேரத்த மாத்துனாலும் விடாதா?" என்று கேட்டான். எனக்கு அவன்மேல் பாவமாகிவிட்டது. மேலிருந்து என்னவென்று விளக்குவது? கையை மட்டும் ஆட்டினேன். அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ தெரியவில்லை.

மறுநாள் வசனங்களைப் பழைய நேரத்துக்கே மாற்றிவிட்டு நீளத்தைச் சந்தேகித்தேன். வசனங்களை வாட்ச் வைத்து அளந்தேன். மற்றவை எல்லாம் இருபது விநாடிக்குள். இது மட்டும் நாற்பத்திரண்டு விநாடி. அதற்கு மறுநாள் சத்தத்தைச் சந்தேகித்து வால்யூமைப் பாதியாகக் குறைத்தேன். முழு வசனமும் வந்தது மெல்வின். ஆறுதல் பாதி முழுவதும், கடைசி எழுத்து வரைக்கும், கோபுரத்தில் புறாக்களுக்கு நடுவில் நின்று குழாய் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். கீழே ஒருவருக்கும் கேட்கவில்லை. அருளப்பனிடம் போய்ச் சொன்னால், "காதை ஒட்டிவச்சுக் கேக்கதுக்குக் கோபுரத்துல மணி எதுக்கு அண்ணே" என்கிறார். அந்த ஒரு கேள்வி மட்டும் நியாயமான கேள்வி.

ஆகவே என் தீர்ப்பு இது. நீளமான வசனத்தை முழுச் சத்தத்தில் சொல்லும்போது உன் பெட்டி தன் குரலைத் தானே தாங்காமல் மயங்கி விழுகிறது. எழுந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. முப்பது நாள் மேசையில் நிற்காமல் ஓட்டிப் பார்த்தேன் மாமா என்று நீ பெருமையாகச் சொன்னாய் அல்லவா, அன்றைக்கு வீடியோவில் உன் மேசையையும் பார்த்தேன், பெட்டி கொசு பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "வீட்டுக்காரம்மா சத்தம் போடக்கூடாதுன்னுட்டாங்க மாமா" என்றாய். வீட்டுக்காரம்மாவுக்குப் பயந்து சோதித்த பெட்டி ஊருக்கு முன்னால் எப்படி வாய்திறக்கும்? எந்தப் பொருளையும் அது கஷ்டப்படுகிற இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். சுகமாக இருக்கும்போது எல்லாம்தான் ஓடும், நானும் ஓடுவேன்.

நீ செய்ய வேண்டியது: சனிக்கிழமைக்குள் இங்கே வந்து சேர வேண்டும். பெட்டியைத் திறந்து அதன் பலவீனத்தைத் திருத்த வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி முன்னால் நின்று, குறை என்னுடையதுதான், மாமா கண்டுபிடித்துச் சொன்னார், திருத்திவிட்டேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தப்பை ஒப்புக்கொள்கிறவனைத்தான் ஊர் நம்பும். இதை நான் உனக்குச் சின்ன வயசிலிருந்தே சொல்லிவருகிறேன்.

வண்டியில் வருவதென்றால் சாத்தூர்ப் பக்கம் சுற்றாதே, ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இரவில் சாப்பிடாமல் படுக்கிறாய் என்று ஏசம்மாள் சொன்னாள், அதையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. நீ கெட்டிக்காரன், அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. உன் கையின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. உன் பெட்டிக்கும் நல்ல புத்தி கொடுப்பாராக.

இப்படிக்கு,
உன் பேரில் வருத்தத்தோடும் அதைவிடப் பிரியத்தோடும்,
தாய்மாமன் ஞா. தவசிமுத்து

பின்குறிப்பு: இதை ஞாயிறு மாலை எழுதுகிறேன். கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வியாழக்கிழமை தபாலில் போடக் கிளம்பும்போது, உன் பெட்டி வந்த அட்டைப்பெட்டியில் வெங்காயம் கொட்டி வைப்பதற்காக உன் அத்தை அதைக் கவிழ்த்தாள். அடியிலிருந்து கறுப்பாக ஒன்று விழுந்தது. "ஏங்க, இது பெட்டியோட வந்ததுல்ல? இதை மாட்டாமலா இத்தன நாளா ஓடுது?" என்று கேட்டாள்.

அது உன் அடாப்டர். பெட்டி வந்த அன்றே அதைக் கையில் தூக்கிப் பார்த்தேன், நூறு கிராம்கூட இல்லை. கனமில்லாத பொருள் கரண்ட் தாங்காது என்பது என் அனுபவம். அதனால் அதை ஓரமாகப் போட்டுவிட்டு, நானே கட்டிய டிரான்ஸ்பார்மர் ஒன்றை மாட்டினேன். இரண்டு கிலோ இருக்கும். உன் அடாப்டரின் மேல் ஐந்து ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. என்னுடையது ஒன்றரைதான், முழுச் சத்தத்துக்கு அது எங்கே போதும்? நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அடாப்டரை மாட்டி, வால்யூமை முழுசாக வைத்தேன். ஏழு மணிக்கு நாற்பத்திரண்டு விநாடியும் வந்தது. கீழே லிங்கேஸ்வரன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றான். "இதுக்குப் பின்னால இம்புட்டு இருக்கா அண்ணாச்சி?" என்றான். சைக்கிளில் ஏறப்போனவன் திரும்பி, "தம்பி தோட்டம் வரைக்கும் கேக்குமா?" என்றான். கேட்கும் என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டான். வழக்கை வாபஸ் வாங்கவில்லை, நீ அப்படியெல்லாம் எதிர்பார்க்காதே. அருளப்பனிடம் கொடுத்த புகாரை மட்டும் வாபஸ் வாங்கிவிட்டான்.

இன்றைக்குக் கமிட்டியில் எழுந்து, பெட்டியில் குறை இல்லை, குறை டிரான்ஸ்பார்மரில் என்று சொன்னேன். "டிரான்ஸ்பார்மர் யாரோடது அண்ணே?" என்றார் அருளப்பன். அவருக்கும் தெரியும். "என்னோடது" என்றேன். உன் பெட்டி நிரந்தரமாகக் கோபுரத்தில் இருக்கும் என்று தீர்மானம். மற்ற இரண்டு சபைக்காரர்களும் உனக்குப் போன் செய்வார்கள், டவர் இருக்கிற இடமாகப் பார்த்து நில். இனி தவசிமுத்து பெட்டியைத் தொடக்கூடாது என்று இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். அதை எதிர்த்து நான் ஒருவன்தான் கை தூக்கினேன்.

மேலே எழுதியதை அடிக்கவில்லை. அவ்வளவு பக்கத்தை மறுபடி எழுத என் கைக்குத் தெம்பில்லை. தவிர, அதில் சொன்னது முழுக்கத் தப்பென்றும் நான் நினைக்கவில்லை. நீ அனுப்புவதை ஓரமாகப் போட்டுவிட்டுத் தன்னுடையதை மாட்டுகிற ஒரு தாய்மாமன் எல்லா ஊரிலும் இருப்பான். மேசையில் முப்பது நாள் ஓட்டினாயே, அவன் கையில் ஒரு நாளாவது கொடுத்துப் பார்த்தாயா? அடுத்த பெட்டியை முதலில் இங்கே அனுப்பு.