தையல் மிஷின் போர்டு

பார்சலை வாங்கி வைத்தது ரஞ்சிதம். பிரித்ததும் அவளேதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த இளையபெருமாள், கூடத்துப் பாயில் மூன்று பச்சை போர்டுகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்ற மறந்து நின்றுவிட்டான்.

"இன்னாங்க இது?"

செஞ்சி கூட்ரோட்டில் மிக்சி, ஃபேன், மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். சுற்றுப்பட்டு ஊர்களில் எந்த மோட்டார் நின்றாலும் ஓட வைத்துவிடுவான். ரஞ்சிதம் "இன்னாங்க" என்றால் மட்டும் அவன் மூளை நின்றுவிடும். அதற்கு இன்னும் ரிப்பேர் கண்டுபிடிக்கவில்லை.

உண்மை இதுதான். பத்தொன்பது வயதில் பாண்டிச்சேரியில் ஒரு கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டப் பழகினான். எதிரே ஒரு வீடியோ கேம் கடை. ஆளுயரப் பெட்டிக்குள் பிளேன் பறக்கும், குண்டு போடும், வெடிக்கும். சாயங்காலமானால் யார் முதுகுக்குப் பின்னாலாவது நின்று பார்ப்பான். தன் முறை வந்தால் ஒரு தும்மல் போடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். போன மாதம் அங்கிருந்து பழைய சாமான் வியாபாரி பீமாராவ் போன் செய்தார். "அந்தப் பெட்டிங்களை எல்லாம் ஒடைச்சுட்டாங்க. உள்ள இருந்த போர்டு மூணு எங்கிட்ட இருக்குது. ஓடுமா ஓடாதான்னு எனக்குத் தெரியாது. வேணுமா?" அவர் கேள்வியை முடிப்பதற்குள் இவன் "வேணும்" என்றுவிட்டான்.

இதை வீட்டில் சொல்ல முடியுமா? மூன்று வருஷமாக ரஞ்சிதம் கேட்பது ஒன்றே ஒன்று. அவளுடைய மிதி மிஷினுக்கு ஒரு மோட்டார். நாலு தெரு ஜாக்கெட்டும் அவள் கையில்தான். சாயங்காலம் எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்பாள். ஊர் மோட்டாரையெல்லாம் ஓட விடும் இளையபெருமாள், "அடுத்த வாரம்" என்பான். நூற்றைம்பது அடுத்த வாரம் போய்விட்டது.

ஆகவே வாயில் வந்ததைச் சொன்னான்.

"உன் தையல் மிஷினுக்குத்தான். மோட்டார் வைக்கப் போறேன். அதோட போர்டு."

ரஞ்சிதம் போர்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"மூணு எதுக்கு?"

"ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு."

"நல்லதுங்க" என்று சொல்லி, தட்டில் ஒரு கரண்டி முருங்கைக்கீரைப் பொரியலை அதிகமாக வைத்தாள். அந்த ஒரு கரண்டிதான் அவனுக்கு இறங்கவில்லை.

மறுநாளே வேலை ஆரம்பமானது. கேம் பெட்டி முழுசாக வாங்க வேண்டுமானால் கடையை விற்க வேண்டும். அதனால் எல்லாம் ஓசி சரக்கு. மூடிப்போன கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டு வாங்கிய பழைய பவர் சப்ளை. பட்டனுக்குக் காலிங்பெல் சுவிட்ச் ஆறு. பிளேனைத் திருப்பும் குச்சிக்கு உடைந்த மிக்சியின் குமிழ், அடியில் நாலு சுவிட்ச். போர்டின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி இருந்த பித்தளைக் கோடுகளில் ஒவ்வொன்றாக ஒயர் பற்ற வைத்தான். படம் பார்க்க, பக்கத்து வீட்டு சாமுண்டீஸ்வரி பரணில் போட்டிருந்த பழைய பெட்டி டிவி.

டிவி வந்ததும் ரஞ்சிதம் வந்தாள்.

"தையல் மிஷினுக்கு எதுக்குங்க டிவி?"

"வேகம் காட்டும்."

"இந்தப் பட்டனு?"

"முன் தையல், பின் தையல்."

"குச்சி?"

"நூலு மேல கீழ போவுதுல்ல? அதுக்கு."

"சும்மா படம் காட்டாதீங்க."

"படம் வந்தாத்தான காட்றதுக்கு!" என்றான். அது மட்டும் சத்தியமான உண்மை. சுவிட்சைப் போட்டால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் குப்பை. ஒரு நிமிஷம் நடுங்கும், அணையும், மறுபடி வரும். மூன்று போர்டும் அதே கதை. பீமாராவைத் திட்டினான். பிறகு தன்னையே திட்டிக்கொண்டான்.

ரெண்டு நாளாக ரஞ்சிதம்தான் தரையில் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். முட்டியை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இல்லாத மோட்டாருக்கு. அவன் அந்தக் காலைப் பார்க்காமல் மீட்டரையே பார்த்தான்.

"பவர் சப்ளையில அஞ்சு வோல்ட் இருக்குது. போர்டுக்கு வரும்போது நாலரைதான். நடுவுல எங்க போவுதுன்னே தெரியல."

"ஒயரு நூலாட்டம் இருக்குதே" என்றாள் ரஞ்சிதம். "கெட்டித் துணிக்கு ஒத்த நூலு தாங்குமா? ரெட்டையாப் போடுங்க. இவ்ளோ நீளமும் எதுக்கு?"

அவன் போட்டிருந்தது மெல்லிய காலிங்பெல் ஒயர். இருபது வருஷம் மோட்டார் கட்டியவனுக்கு இது தோன்றவில்லை. கெட்டி ஒயரைக் குட்டையாக வெட்டி, ரெட்டையாகப் போட்டான். மீட்டர் அஞ்சைத் தொட்டது. குப்பை மறைந்தது. நீலக் கடல். அதன்மேல் பளபளவென்று...

"பிளேனு!" என்று கத்திவிட்டான். ரஞ்சிதம் நிமிர்ந்தாள். "பிளைன்... பிளைன் தையல்! பிளைன் தையலுக்கு செட் ஆயிடுச்சு!"

"நல்லதுங்க" என்றாள்.

அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது அவனுக்கு. எதற்கென்று சொல்ல முடியாததால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

ஒரே ஒரு குறை. அந்த ஆட்டத்துக்குத் திரை நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும். டிவியோ குறுக்குவாட்டு. பிளேன் பக்கவாட்டில் பறந்தது. அமாவாசைக்கு ரஞ்சிதமும் சாமுண்டீஸ்வரியும் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஏறியதும், இளையபெருமாள் பாயில் ஒருக்களித்துப் படுத்தான். படுத்தபடியே ஆடினான். கழுத்து பிடித்துக்கொண்டது. விடவில்லை. பத்தொன்பது வயதில் கிடைக்காததெல்லாம் ஒரே நாளில் கிடைத்தது.

மறுநாள் காலையில் ரஞ்சிதம் எலுமிச்சம்பழமும் குங்குமமுமாக வந்தாள்.

"மோட்டாரு நல்லபடியா ஓடணும்னு அங்காளம்மாகிட்ட வேண்டிக்கினேன்" என்று டிவிக்குப் பொட்டு வைத்தாள். "ஞாயித்துக்கிழமை ஓட்டிக் காட்டுவீங்கன்னு சாமுண்டீஸ்வரி அக்காகிட்டயும் சொல்லிட்டேன். கழுத்து ஏங்க ஒரு பக்கமா இருக்குது?"

"கூட்டத்துல..." என்று ஆரம்பித்தவனுக்கு, கோயில் கூட்டத்துக்குப் போனவள் ரஞ்சிதம் என்பது ஞாபகம் வந்தது.

குனிந்து பொட்டு வைத்தவள் எழுந்திருக்கும்போது "அம்மாடி" என்றாள். நூற்றைம்பது வாரமாகக் கேட்ட அந்தச் சத்தம் அன்றைக்குத்தான் அவன் காதில் விழுந்தது. சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுத் திண்டிவனம் போய், தையல் மிஷின் மோட்டாரும் கால் சுவிட்சும் புதுசாக வாங்கி வந்தான்.

ஞாயிறு காலை, சாமுண்டீஸ்வரி பார்த்துக்கொண்டிருக்க, ரஞ்சிதம் பாதத்தை லேசாக வைத்தாள். மிஷின் சர்ரென்று ஓடியது. அவள் காலை எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒரு முழு ஜாக்கெட் தைத்து முடித்து, முட்டியைப் பிடிக்காமல் எழுந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. இளையபெருமாளுக்கும்தான். இத்தனை சின்ன வேலையை மூன்று வருஷம் தள்ளிப்போட்டோமே என்று இருந்தது. போர்டு வந்ததே நல்லதாயிற்று என்றும் இருந்தது.

சாமுண்டீஸ்வரி போனதும் மார்பை நிமிர்த்திக்கொண்டான்.

"பாத்தியா? எல்லாம் அந்த போர்டு பண்ற வேலை."

"ஆமாங்க. சரி, அந்த பிளேன் ஆட்டத்தைப் போடுங்க."

"எந்த... எந்த பிளேனு?"

"பார்சல் மேலயே வீடியோ கேம் போர்டுன்னு எழுதியிருந்துதே. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

இளையபெருமாள் பாயில் உட்கார்ந்துவிட்டான்.

"மொத நாளே தெரியுமா? அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா சண்டை வந்திருக்கும். மோட்டாரு வந்திருக்குமா?"

அவள் போய் டிவியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் புடிங்க. கழுத்து புடிச்சுக்க நீங்க படுக்கறதுக்குப் பதிலா இதைப் படுக்க வைக்கலாம்ல?"

டிவியை ஒருக்களித்து வைத்தார்கள். பிளேன் நேராக நின்றது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஊசிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளியில் இருபது வருஷம் தைத்த கை. குண்டுகளுக்கு நடுவே பிளேனை அப்படி நெளித்துக்கொண்டு போனாள். கடலுக்கு நடுவே அவன் ஒரு தடவைகூடத் தாண்டாத ஒரு பாலத்தை முதல் ஆட்டத்திலேயே தாண்டினாள். பொறாமைப்பட அவனுக்கு நேரமில்லை. பாண்டிச்சேரியில் யார் யார் முதுகையோ பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு, இப்படி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவாள் என்று யார் சொன்னார்கள்?

"ரஞ்சிதம்," என்றான். "இனிமே உங்கிட்ட பொய்யே சொல்ல மாட்டேன்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்:

"அவசரப்படாதீங்க. அடுத்த பார்சல் வரும்போது கிரைண்டர் போர்டுன்னு சொல்லுங்க."