பாதராஜர் கட்டிய கால்பந்து அணி

எங்கள் கிளப் ஆட்டம் ஆடுகிற நாளில்கூட அத்தனை கூட்டம் வந்ததில்லை. ஆட்டமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, கேட்டுக்கு வெளியே தெருமுனை வரைக்கும் வரிசை. அப்பாக்கள், அம்மாக்கள், மாமாக்கள், ஆளுக்கொரு பிள்ளை. பிள்ளைகளின் ஷூ பெரியவர்கள் கையில், பிள்ளைகள் வெறுங்காலில். என்ன விசேஷம்? உள்ளே பாதராஜர் எழுந்தருளியிருந்தார்.

உள்ளங்காலைப் பார்த்தே ஒருவன் கால்பந்தில் எவ்வளவு தூரம் போவான் என்று சொல்லிவிடுவாராம். பந்து வேண்டாம், மைதானம் வேண்டாம், அவன் ஆடுவதைப் பார்க்கவே வேண்டாம். இந்த மகானைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்த அறிவாளி யார் என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். நான்தான். கிளப் மேனேஜர்.

மேனேஜர் என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். கிளப் முதலாளி என் அக்காவின் கணவர். கால்பந்தில் எனக்கிருக்கும் ஒரே தகுதி என் அக்காதான். பந்துக்கும் எனக்கும் நெருக்கம் ஏற்பட்டது ஒரே ஒரு முறை. அன்றைக்கு அது என் மூக்கில் வந்து விழுந்தது.

அந்த வருஷம் வயதான ஆட்டக்காரர்கள் எல்லோரும் விலகிவிட்டார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களை வைத்தே அணியைக் கட்டலாம் என்றார் கோச். அவர் ஒரு காலத்தில் தேசிய அணிக்கு ஆடியவர். பையன்கள் அவரை 'கோச் அக்கா' என்பார்கள். நடுக்களத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது 'குட்டை' என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பையனை. "கொஞ்சம் பொறுங்க சார், பசங்க ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கணும்" என்றார். ஆரம்பத்தில் வரிசையாகத் தோற்றோம்.

அத்தான் என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, எந்தப் பையன் தேறுவான், எவன் தேறமாட்டான்னு இப்பவே தெரிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்?"

"அதுக்கும் ஆள் இருக்காரு அத்தான்" என்றேன். அந்த நேரத்தில் என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

பாதராஜர் வந்தார். காயத்துக்குக் கட்டுப்போடும் அறையில் பையன்களை ஒவ்வொருவராகக் கட்டிலில் படுக்க வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். உள்ளங்காலில் விரலை ஓட்டினார், கண்ணை மூடினார், பையனின் காதில் எதையோ முணுமுணுத்தார். உள்ளே போகும்போது சாதாரணமாகப் போனவன் வெளியே வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான். என்னடா சொன்னார் என்றால் வாயைத் திறக்கவில்லை.

குட்டையிடம் மட்டும் கதை கெட்டது. விரல் பட்டதும் கூச்சம் தாங்காமல் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டான். "சார், போதும் சார், விடுங்க சார்!" என்று காலை உதறியதில் பூதக்கண்ணாடி பறந்தது. பாதராஜரின் முகம் கறுத்தது.

"முறிவு ரேகை! இவன் இருக்குற வரைக்கும் இந்த டீம் உருப்படாது" என்று தீர்ப்பு வந்தது. ரேகையைத் திருத்தவும் அவரிடமே வழி இருந்தது. களிம்பு தருவார்; வசதிக்கேற்பக் காணிக்கை வைக்க வேண்டும். வெளியே வரிசையில் நின்றவர்களின் கழுத்தும் விரலும் காலியாக ஆரம்பித்தன.

அடுத்த ஆட்டத்தில் ஒரு அதிசயம் நடந்தது. எங்கள் அணியில் யாரும் யாருக்கும் பந்து கொடுக்கவில்லை. கிடைத்தவன் கிடைத்த இடத்திலிருந்து தானே ஓடினான், தானே உதைத்தான், தானே தலையில் கை வைத்துக்கொண்டான். கோல்கீப்பர்கூடப் பந்தோடு நடுக்களம் தாண்டிவிட்டான். குட்டை ஒருவன்தான் பந்து வந்தால் அடுத்தவனுக்குத் தள்ளினான். வாங்கியவன் திருப்பித் தரவில்லை. படுதோல்வி.

"பாத்தியா மாப்ளே? ஐயா சொன்னது பலிச்சிடுச்சு" என்றார் அத்தான்.

நானும் பலமாகத் தலையாட்டினேன். குட்டையை விடுவிக்கும் கடிதத்தை நானே டைப் அடித்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். பத்தொன்பது வயதில் கிளப் கழற்றிவிட்டால், ராசியில்லாதவன் என்ற பெயரோடு வருகிறவனை வேறு யார் சேர்ப்பார்கள்? அதைக்கூட நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலையைத்தான் பாதராஜரிடம் ஒப்படைத்துவிட்டேனே!

கோச் அக்கா அறைக்குள் வந்தார். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை முகம் தெரியாம ஐயா கால் பாக்கட்டும். அவர் சொல்றது சரியா வந்தா குட்டையோட நானும் வெளியே போயிடறேன்."

அத்தானுக்குப் பெருமை பிடிபடவில்லை. "தாராளமா பாக்கட்டும்! ஐயாவுக்கு என்ன பயம்?"

ஐயாவுக்குப் பயம் இருந்தது. "முகத்தைப் பாக்காம ரேகை பேசாதுங்களே..." என்று இழுத்தார்.

"உள்ளங்கால்லயே எல்லாம் எழுதியிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் கோச் அக்கா.

அறையின் குறுக்கே திரை தொங்கியது. இந்தப் பக்கம் பாதராஜர், அத்தான், மொத்த அணி, எங்கள் பஸ் டிரைவர். அந்தப் பக்கம் இரண்டு கட்டில்; திரைக்கு வெளியே பாதங்கள் மட்டும். முதல் கட்டிலில் குட்டை, சிரிப்பு வராமலிருக்க வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு. இரண்டாவதில் யார்? "நீங்களே படுங்க சார், காலை மட்டும் நல்லா கழுவிடுங்க" என்று கோச் அக்கா என்னை அனுப்பிவிட்டார்.

முதல் பாதத்தைப் பார்த்தார். "ஆகா, சிங்கப் பாதம்! இவனை எக்காரணம் கொண்டும் விட்டுடாதீங்க."

அடுத்து என் பாதம். விரலை இரண்டு தடவை ஓட்டினார். பிறகு தழுதழுத்த குரலில் சொன்னார்: "என் சர்வீஸ்லயே இப்படி ஒரு பாதம் பாத்ததில்ல. தேய்மானமே இல்ல. வயசு பதினேழு இருக்குமா? இந்தப் பையனைச் சுத்தித்தான் டீமைக் கட்டணும்!"

நாற்பத்தாறு வயது, தொந்தி, மூச்சிரைப்பு. இருந்தும் திரைக்குப் பின்னால் எனக்குப் புல்லரித்தது. என்ன நம்பர் ஜெர்சி கேட்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். வெட்கக்கேடு!

கோச் அக்கா திரையை இழுத்தார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதராஜர் அசரவில்லை. "திரை போட்டா பாதத்துக் கதிர் வளைஞ்சிடும். அதான் மாறிப்போச்சு."

"அதுவும் சரிதானே" என்றார் அத்தான். கட்டிலில் படுத்தபடியே நானும் "ஆமா ஆமா" என்றேன். என்னை என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கோச் அக்கா பையன்களின் பக்கம் திரும்பினார். "இப்ப சொன்ன இதையேதானே ஐயா உங்க காதுலயும் தனியா சொல்லியிருப்பாரு, 'உன்னைச் சுத்தித்தான் இந்த டீம், வெளியே சொன்னா பலிக்காது'ன்னு. யார் யாருக்குச் சொன்னாரு? கையைத் தூக்குங்க."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கோல்கீப்பர் தயங்கித் தயங்கிக் கை தூக்கினான். பக்கத்தில் ஒன்று. பின்னால் மூன்று. அப்புறம் அத்தனை பேரும். பஸ் டிரைவர் தூக்கினார். நானும் தூக்கினேன். கடைசியாக அத்தானின் கை, மோதிரங்களோடு, மெதுவாக மேலே போனது.

தூக்காதவன் குட்டை ஒருவன்தான்.

"இப்பப் புரியுதா, யாரும் ஏன் பாஸ் கொடுக்கலன்னு?" என்றார் கோச் அக்கா. "எல்லாரும் தன்னைச் சுத்தித்தான் டீம்னு நினைச்சீங்க. அந்தப் பொய்யைக் கேக்காதவன் இவன் ஒருத்தன்தான், டீமுக்காக ஆடுனவனும் இவன் ஒருத்தன்தான்."

அத்தானுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! கடிதத்தைக் கிழித்தார். பாதராஜரின் பையைப் பிடுங்கிக் கட்டிலில் கொட்டினார். தாலிச் சங்கிலிகூட இருந்தது. ஐயா அந்தச் சலசலப்பில் செருப்பைக்கூட மாட்டாமல் பின்வாசல் வழியாக ஓடினார். பாதத்தில் யோகம் இருந்திருக்க வேண்டும், நல்ல வேகம்.

பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. கேட்டில் குட்டையின் அப்பா நின்றார். லாரி மெக்கானிக். அவருடைய கல்யாண மோதிரம் என் கையில்.

"உங்க பையனை டீமை விட்டு நீக்கல, இனிமேலும் அவன்தான் நடுக்களம்" என்றேன்.

மனிதர் கண் கலங்கிவிட்டார். "காலையிலதான் சார் மோதிரத்தைக் கொடுத்துக் களிம்பு வாங்கினேன். அதுக்குள்ள ஐயா ரேகையை மாத்திட்டாரே!"

"அய்யோ, அவன் ஃப்ராடுங்க! பிடிபட்டு ஓடிட்டான். இந்தாங்க உங்க மோதிரம்."

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம் சார்! திருப்பி வாங்கினா ரேகையும் பழையபடி திரும்பிடும். பையன் வாழ்க்கை சார்!"

மோதிரம் இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. பையன் ஒவ்வொரு வாரமும் வியர்வை கொட்ட ஆடுகிறான். பேர் வாங்குவது களிம்பு.

பெற்றோர்களே, பெரியோர்களே! பிள்ளையின் காலை எவனெவனிடமோ காட்டுகிறீர்களே, அவன் ஆடுவதை ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்தீர்களா? உள்ளங்காலில் ஒன்றும் எழுதியில்லை. கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் எடுத்துப் புழங்குங்கள். என்னைப் போல நாற்பத்தாறு வயது வரைக்கும் தேய்மானமே இல்லாமல் வைத்திருக்காதீர்கள்.